ஸ்கேலைத் தின்ற ரப்பர், பெட்டியைத் தின்ற புழு

கோடை விடுமுறை முடிந்து ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் ரப்பர் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பிய்த்தெடுத்தால் ரப்பரின் மூலை இருந்த இடத்தில் ஸ்கேலில் ஒரு பள்ளம். மில்லிமீட்டர் கோடுகள் அங்கே குழைந்து காணாமல் போயிருக்கும். வெயிலுக்கு உருகிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். அமெரிக்கத் தூண்டில்காரர்களின் பெட்டிகளைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில்தான் அந்தப் பள்ளத்துக்கு விடை கிடைத்தது.

அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பாஸ் என்றொரு மீன் இருக்கிறது. அதைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது அங்கே இலட்சக்கணக்கானவர்களின் பெருவிருப்பம். பிடிக்கப் போகிறவர் கையில் ஒரு பெட்டி இருக்கும். அஞ்சறைப் பெட்டியைப் போல உள்ளே சிறு சிறு அறைகள்; ஓர் அறையில் முட்கள், இன்னொன்றில் தூண்டிலை அமிழ்த்தும் குண்டுகள், மற்றவற்றில் மீனை ஏமாற்றும் பொய்யிரைகள். 1950-களில் இந்தப் பெட்டிகள் தகரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறத் தொடங்கின. ஏறத்தாழ அதே காலத்தில் பெட்டிக்குள் ஒரு புதுச் சரக்கும் வந்து சேர்ந்தது: மண்புழுவைப் போலவே நெளியும் பிளாஸ்டிக் புழு. புழுவைத் தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டுச் சில வாரங்கள் கழித்துத் திறந்தவர்கள் திகைத்தார்கள். புழு படுத்திருந்த தட்டு இளகிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. சில பெட்டிகளில் புழு தட்டுக்குள்ளேயே புதைந்து கிடந்தது.

வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பிவிசி குழாயும் இந்தப் புழுவும் அடிப்படையில் ஒரே பொருள். பிவிசி என்பது நீண்ட சங்கிலிகளாலான மூலக்கூறு. தனியாக இருக்கும்போது அந்தச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்வதால் குழாய் கல்லுபோல் நிற்கிறது. ஆறிப்போன சேமியா கட்டிதட்டிப் போவதைப் பார்த்திருப்போம். அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கிளறினால் இழைகள் வழுக்கிப் பிரியும். பிவிசியிலும் அதைத்தான் செய்கிறார்கள். நெகிழ்வூட்டி எனப்படும் எண்ணெய் போன்ற திரவத்தில் பிவிசித் தூளைக் கலந்து சூடாக்கினால், திரவ மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன. அச்சில் ஊற்றி ஆறவைத்தால் ரப்பர் போன்ற மென்மை கிடைக்கிறது. மழைக்கோட்டும், மருத்துவமனையில் இரத்தம் சேமிக்கும் பையும் இப்படித்தான் மென்மை பெறுகின்றன. நாம் இன்று வாங்கும் அழிரப்பர்களில் பலவும் இதே சரக்குதான்.

நெகிழ்வூட்டி சங்கிலியோடு வேதிப்பிணைப்பு எதுவும் செய்துகொள்வதில்லை. வாடகைக்குக் குடியிருப்பது போலத்தான். பக்கத்தில் தன்னை ஏற்றுக்கொள்ளும் வேறொரு பிளாஸ்டிக் தொட்டுக்கொண்டிருந்தால் மெல்ல மெல்ல அங்கே குடிபெயர்ந்துவிடும். பாலிஸ்டைரீன் அதைத் தாராளமாக உள்ளே விடும் பிளாஸ்டிக். ஒளி ஊடுருவும் மலிவான ஸ்கேல்களும், பழைய தூண்டில் பெட்டித் தட்டுகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. குடிபெயர்ந்த நெகிழ்வூட்டி இங்கேயும் அதே வேலையைச் செய்கிறது: சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து அவற்றை வழுக்கவிடுகிறது. ஸ்கேல் மென்மையாகிறது, ஒட்டுகிறது, பள்ளமாகிறது. வெயில் இந்தக் குடிபெயர்ச்சியை வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான். நல்ல ரப்பர்களுக்கு அட்டை உறை போட்டு விற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தெரிந்தபோது, அந்த உறையை வாங்கியவுடன் கிழித்தெறிந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

பெட்டி செய்பவர்கள் கண்டுபிடித்த வழி பாலிப்புரோப்பிலீன். இதன் சங்கிலிகள் பெரும்பகுதி நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. நெகிழ்வூட்டியோடு ஒட்டுறவும் இல்லை. தண்ணீரில் எண்ணெய் கலக்காததைப் போல, புழுவின் திரவத்துக்கு இந்தச் சுவருக்குள் வழி கிடைப்பதில்லை. இன்று கடைகளில் கிடைக்கும் அரைகுறை ஒளி ஊடுருவும், வெண்மேகம் படர்ந்தாற்போன்ற பெட்டிகள் பெரும்பாலும் இந்தப் பிளாஸ்டிக்கில் செய்தவை. புழுவால் சேதமாகாது என்று மேலே போட்டே விற்கிறார்கள்.

ஆனாலும் பெட்டிக்குள் சண்டை ஓய்ந்துவிடவில்லை. அண்மைக் காலத்தில் தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர் என்ற வேறொரு மென்மையான பொருளிலும் பொய்யிரைகள் வருகின்றன. இழுத்தால் பல மடங்கு நீளும், எளிதில் அறாது, தண்ணீரில் மிதக்கும். இதையும் பிவிசிப் புழுவையும் ஒரே அறையில் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கரைத்துப் பசையாகிவிடும். உற்பத்தியாளர்களே உறைமேல் எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். அடர்நிறப் புழுவையும் வெளிர்நிறப் புழுவையும் சேர்த்து வைத்தால் சாயம் இறங்கி இரண்டும் ஒரே அழுக்கு நிறமாகிவிடும். ஆகவே அனுபவசாலிகள் மென்புழுக்களை வாங்கிய உறையிலேயே வைத்து, உறையோடு பெட்டியில் அடுக்குகிறார்கள். தூண்டில் பெட்டியின் தடுப்புச் சுவர்கள் ஒழுங்குக்காக மட்டும் வந்தவை என்று இதையெல்லாம் படிப்பதற்கு முன் எண்ணியிருந்தேன்.

இந்தப் புழுவைப் பிறப்பித்தவர் நிக் கிரீம். ஓஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரத்தில், 1949-ல், மனைவி காஸ்மாவோடு சேர்ந்து வீட்டுச் சமையலறையில் பிளாஸ்டிக்கையும் எண்ணெய்களையும் சாயங்களையும் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தார். ரப்பர் புழுக்கள் அதற்கு முன்பும் உண்டு. அவை விறைப்பானவை, தண்ணீரில் குச்சிபோல் கிடந்தன. கிரீமின் புழு தண்ணீரில் உயிர் பெற்றது. பின்னாளில் அவருடைய தொழில் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரத்துக்குப் போனது. தெற்கு மாநிலங்களில் புதிதாகக் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்களில் மூழ்கிய மரங்களும் புதர்களும் நிறைந்திருந்தன. பாஸ் மீனுக்கு அவை அரண்மனை, தூண்டிலுக்கு எமன். அங்கே முள்ளின் கூர்முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துக் கட்டும் முறை பரவியது. செடியில் சிக்காது, மீன் கவ்வும்போது கூர் புழுவைத் துளைத்து வெளியே வரும். டெக்சஸ் கட்டு என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

ஒரு பிளாஸ்டிக் துண்டை மீன் ஏன் வாய்க்குள் எடுக்கிறது என்று கேட்டால், முதலில் அந்த வாயைத்தான் பார்க்க வேண்டும். நம் மீன்கடைகளில் ஸீ பாஸ் என்று எழுதி வைக்கும் கொடுவாவுக்கும் இந்த மீனுக்கும் நெருங்கிய உறவில்லை. இது சன்ஃபிஷ் என்ற வட அமெரிக்க நன்னீர்க் குடும்பம். பெருவாய் பாஸ் என்பது பொருத்தமான பெயர். மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகிறது. அறிவியல் பெயர்தான் பிழையில் பிறந்தது. பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேத் 1802-ல் இந்தப் பேரினத்துக்கு மைக்ரோப்டெரஸ், அதாவது சிறுதுடுப்பு என்று பெயர் வைத்தார். அவர் கைக்கு வந்த மீனின் முதுகுத்துடுப்பு சேதமடைந்திருந்தது. பின்பகுதி முறிந்து தனியாக ஒரு குட்டித் துடுப்பு போலத் தெரிந்ததால் அதையே அடையாளமாகக் கொண்டார். இருநூறு ஆண்டுகளாகியும் பெயர் மாறவில்லை.

பாஸ் இரையைத் துரத்திக் கடித்துக் கிழிப்பதில்லை. அருகில் போய் வாயைச் சட்டென்று விரிக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் வாய்க்குழி பல மடங்கு பெரிதாகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. எதிரே இருக்கும் தண்ணீர் உள்ளே பாய்கிறது, இரையும் அதோடு போகிறது. தண்ணீர் செவுள் வழியே வெளியேறிவிடும். இவ்வளவு வேகமாக வாயை விரிக்கும் திறன் எங்கிருந்து வருகிறது என்பது வெகுநாள் கேள்வி. தலையில் இருக்கும் தசைகள் சிறியவை. பிரௌன் பல்கலைக்கழகத்தில் ஏரியல் கேம்ப், தாமஸ் ராபர்ட்ஸ், எலிசபெத் பிரெய்னர்ட் ஆகியோர் பாஸ் இரை உறிஞ்சும்போது எக்ஸ்-ரே வீடியோ எடுத்து, எலும்புகளின் அசைவை முப்பரிமாணத்தில் கணக்கிட்டு 2015-ல் விடை சொன்னார்கள். உறிஞ்சும் திறனில் 95 விழுக்காட்டுக்கும் மேல் நீந்துவதற்கான உடல் தசைகளிலிருந்தே வருகிறது. முதுகுத் தசை மண்டையை மேலே இழுக்க, வயிற்றுப்புறத் தசை கீழ்ப்புற எலும்புகளைப் பின்னே இழுக்க, வாய் பிளந்துகொள்கிறது. நாம் துண்டமாக வெட்டிச் சாப்பிடும் மீனின் சதை முழுவதும் அதன் வாயைத் திறக்கும் பொறி என்றால், அந்த ஒரு கணத்தில் பாஸ் தலை முதல் வால் வரை முழுக்க முழுக்க ஒரு வாயாகவே இருக்கிறது.

பொய்யிரை செய்பவருக்கு இதில் பாடம் இருக்கிறது. நீரோட்டத்தோடு எளிதாக உள்ளே போகக்கூடிய மெல்லிய, இலேசான, வளையும் பொருள் இந்த வாய்க்கு ஏற்றது. உறிஞ்சியதைப் பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும் மீன் இது. மென்மையான புழுவைச் சற்று அதிக நேரம் வாயில் வைத்திருக்கும் என்பது தூண்டில்காரர்களின் நம்பிக்கை. உப்பும் மணப்பொருளும் சேர்த்துப் புழு வார்ப்பது அந்த நம்பிக்கையில்தான்.

பெட்டியின் அடுத்த அறையைத் திறந்தால் கதை பின்லாந்துக்குப் போகிறது. பையன்னே என்ற ஏரியில் மீன்பிடித்துப் பிழைத்த ஏழை மீனவர் லௌரி ரபாலா. துடுப்புப் போட்டபடியே தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்றைக் கவனித்தார். சிறுமீன் கூட்டத்துக்குள் பெரிய மீன் பாயும்போது, ஏதோ ஒன்று மட்டும் சற்றுக் கோணலாக, தள்ளாடி நீந்துகிறது. வேட்டைமீன் அதையே குறிவைக்கிறது. அந்தத் தள்ளாட்டத்தைச் செய்துகாட்டும் ஒரு மரமீன் வேண்டும் என்று 1936-ல் தக்கையைச் செதுக்கினார். மினுமினுப்புக்குச் சாக்லேட் சுற்றிய ஈயத்தாள். தண்ணீர் புகாமலிருக்க, உருக்கிய புகைப்பட நெகட்டிவ் பூச்சு. கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு செய்த அந்தப் பொருளில் எத்தனை வருட வேடிக்கை பார்த்தல் இருக்கிறது என்பதே என்னை மிகவும் ஈர்க்கிறது. பின்னர் பால்சா மரத்துக்கு மாறினார்கள். 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் லைஃப் இதழ் இந்தப் பொய்யிரையைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அது மர்லின் மன்றோ இறந்ததையொட்டி அவர் படத்தை அட்டையில் தாங்கி வந்த இதழ். வீடுதோறும் அது போய்ச் சேர்ந்தது. சின்னஞ்சிறு பின்லாந்துப் பட்டறைக்கு இலட்சக்கணக்கில் ஆர்டர்கள் குவிந்தன.

தள்ளாட்டத்தின் இரகசியம் மூக்கில் பொருத்திய சாய்ந்த தகடு. தூண்டில் நரம்பை இழுக்கும்போது தகட்டில் மோதும் தண்ணீர் தலையைக் கீழே அழுத்துகிறது. மிதக்கும் உடல் மேலே வரப் பார்க்கிறது. தகட்டின் இரு ஓரங்களிலும் தண்ணீர் சுருண்டு சுழல்களாகப் பிரிகிறது. சுழல்கள் ஒரே சமயத்தில் பிரிவதில்லை. இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறிக் கழல்கின்றன. ஒவ்வொரு சுழலும் கழலும்போது அழுத்தம் ஒரு பக்கம் குறைந்து மரமீனின் தலை அந்தப் பக்கம் சாய்கிறது. காற்றில் கொடித்துணி படபடப்பதும், ஆற்று வெள்ளத்தில் நாணல் நடுங்குவதும் இதே கணக்கு. உடல் எவ்வளவு இலேசோ அவ்வளவு உயிர்ப்பாக ஆடும். பால்சாவின் மதிப்பு அதில்தான்.

அந்த ஆட்டத்தை மீன் பார்ப்பதற்கு முன்பே உணர்ந்துவிடலாம். மீனின் விலாவில் செவுள் முதல் வால் வரை ஒரு கோடு ஓடுவதைச் சந்தையில் பெரும்பாலான மீன்களில் பார்க்கலாம். அது வெறும் கோடன்று. துளைகள் வரிசையாக இருக்கும் ஒரு குழாய். உள்ளே கூழ் போன்ற தொப்பிகளைச் சுமந்த மயிரணுக்கள். பக்கத்தில் தண்ணீர் அசைந்தால் தொப்பி சாய்கிறது, மயிரணு நரம்புக்குச் செய்தி அனுப்புகிறது. நம் உட்காதில் ஒலியைப் பிடிக்கும் மயிரணுக்களும் இதே வகை. தொலைவில் இது பயன்படாது. தன் உடல்நீளம் ஒன்றிரண்டு தூரத்துக்குள்தான். ஆனால் கலங்கல் நீரிலும் இரவிலும் கடைசி விரற்கடைத் தூரத்தை அளந்து சொல்வது இதுதான். சுழலும் தகடு, கிலுகிலுக்கும் மணி, அகன்ற வால் என்று பெட்டியில் இருக்கும் பொய்யிரைகளில் பாதி இந்தக் கோட்டுக்காகச் செய்யப்பட்டவை.

நீர்ப்பரப்பில் தத்தும் தவளைக்கும் ஓர் அறை உண்டு. மிச்சிகனின் டவாஜியாக் ஊர்க்காரர் ஜேம்ஸ் ஹெடன், ஓய்வாகச் செதுக்கிய மரக்கட்டையைக் குளத்தில் எறிந்தபோது ஒரு பாஸ் எழுந்து அடித்தது என்றும், அதிலிருந்துதான் அவருடைய மரத்தவளை பிறந்தது என்றும் சொல்வார்கள். 1890-களின் கடைசியில் அவர் செதுக்கிய தவளைகள் இன்று அருங்காட்சியகப் பொருள்கள். இதே வழியில் பின்னால் வந்த உள்ளீடற்ற ரப்பர் தவளைகளை நம் ஊர்க் குளங்களில் விராலுக்குப் போடும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். பாஸுக்காகச் செய்த பொருள் விராலிடமும் செல்லுபடியாவது வியப்பில்லை. இரண்டும் தாமரை இலைகளுக்கடியில் பதுங்கி மேல்நோக்கிப் பாய்பவை.

நிறத்தைப் பற்றித் தூண்டில்காரர்கள் பேசத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. தர்பூசணி, பச்சைப் பூசணி, மோட்டார் ஆயில் என்றெல்லாம் புழுக்களின் நிறங்களுக்குப் பெயர்கள். பாஸ் கண்ணுக்கு இவை எப்படித் தெரியும்? இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதை மீனிடமே கேட்டது. நமக்கு நிறம் காண மூன்று வகைக் கூம்பணுக்கள். பாஸுக்கு இரண்டு: ஒன்று பச்சைக்கும், இன்னொன்று சிவப்புக்கும் கூர்மையானது. ஒரு நிறத்தை நோக்கிப் போனால் இரை கிடைக்கும் என்று மீன்களைப் பழக்கிவிட்டு, பிறகு வேறு நிறங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். சிவப்புக்குப் பழகியவையும் பச்சைக்குப் பழகியவையும் தவறவே இல்லை என்று சொல்லுமளவுக்குச் சரியாகத் தேர்ந்தன. பளிச்சென்ற மஞ்சளுக்குப் பழகியவை வெள்ளையோடு குழம்பின. கறுப்புக்கும் நீலத்துக்கும் வேறுபாடு காணமுடியாமல் திணறின.

இந்தக் கண் எந்தத் தண்ணீருக்கானது என்று யோசித்தால் காரணம் புரியும். தெளிந்த கடலில் சிவப்பு ஒளி சில மீட்டர் ஆழத்திலேயே மறைந்துவிடும்; நீலம் மட்டும் ஆழம் போகும். இலை மக்கித் தேநீர் நிறமேறிய ஏரியில் கணக்குத் தலைகீழ். அங்கே நீலத்தை மேல்மட்டமே விழுங்கிவிடுகிறது. சிவப்பும் மஞ்சளும்தான் உள்ளே இறங்குகின்றன. வராத ஒளிக்குக் கண் வைத்துக்கொள்வதில் பயனில்லை. கறுப்பு நீலக் கலவைப் புழுவைக் கலங்கல் நீருக்கென்று தனியறையில் வைத்திருப்பவர்கள் பலர். மீன் அதில் காண்பது ஒரே இருண்ட உருவத்தை. வெளிச்சமான மேற்பரப்பைப் பின்னணியாகக் கொண்டு அந்த உருவம் துலக்கமாகத் தெரியும் என்பதால் அது பலிக்கவும் செய்கிறது.

முட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கூர்மைக்காக உயர்கார்பன் எஃகு. அதன் பகை ஈரம். ஒரு பொய்யிரையை ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடினால் மறுவாரம் அத்தனை முட்களிலும் துரு பூத்திருக்கும். தண்ணீர் புகாத பெட்டி இதற்கு மருந்து என்று தோன்றும். ஆனால் புகாத பெட்டி வெளியே விடாத பெட்டியும்தானே. உள்ளே போன ஈரத்துக்கு அது சிறை. அதனால் புதுப்பெட்டிகளில் வேறொரு வேதியியல் நுழைந்திருக்கிறது. தடுப்புத் தகட்டிலேயே ஒரு வேதிப்பொருளைக் கலந்துவிடுகிறார்கள். அது மெல்ல ஆவியாகிப் பெட்டி முழுவதும் பரவி, உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்து, ஈரமும் ஆக்சிஜனும் எஃகைத் தொடவிடாமல் காக்கிறது. இயந்திர உதிரிகளையும் போர்த்தளவாடங்களையும் கப்பலேற்றி அனுப்பும்போது துருவிலிருந்து காப்பாற்றப் பயன்படும் உத்தி இது. 2020-ல் இல்லினாய் மாநிலத்து பிளேனோ நிறுவனம் கொண்டுவந்த எட்ஜ் வகைப் பெட்டிகளில் துருத்தடுப்புப் பொருளோடு ஈரம் உறிஞ்சும் தடுப்புகளும் உண்டு. அதே நிறுவனத்தின் 3700 என்ற எண், ஏறக்குறைய 14 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் 2 அங்குல உயரமும் கொண்ட தட்டைப் பெட்டிக்குப் பொதுப்பெயராகிவிட்டது; பைகளையும் படகு அறைகளையும் அந்த அளவுக்கே தைக்கிறார்கள், கட்டுகிறார்கள்.

குண்டுகள் இருக்கும் அறையைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. லூன் என்ற நீர்ப்பறவை, இரைப்பையில் உணவை அரைக்க ஏரியடியில் கூழாங்கற்களைப் பொறுக்கி விழுங்கும். அறுந்து விழுந்த ஈயக்குண்டையும் கல்லென்று விழுங்கிவிடும். ஒரே ஒரு சிறு குண்டு போதும், ஈயநஞ்சு பறவையைக் கொன்றுவிடும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஓர் அவுன்ஸும் அதற்குக் குறைவுமான ஈயக்குண்டுகளையும் ஈயத்தலை முட்களையும் விற்கவும் நன்னீரில் பயன்படுத்தவும் தடை போட்டது. மாற்றாக வந்த டங்ஸ்டன் விலை கூடுதல். ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல் 11.3 மடங்கு, டங்ஸ்டனுக்கு 19.3 மடங்கு. அதே எடைக்குக் குண்டு சிறிதாகிறது. கெட்டியான உலோகமாதலால் அடியில் பாறையில் பட்டதா, சேற்றில் பட்டதா என்பது தூண்டில் நரம்பு வழியே விரலுக்குத் தெரிகிறது. பறவைக்கும் நல்லது, பிடிப்பவருக்கும் நல்லது என்ற மாற்றங்கள் உலகில் அரிது.

இத்தனை அறைகளும் நிரம்பிய பெட்டிகள் இருக்க, பாஸ் மீனின் உலகச் சாதனை பெட்டியே தேவைப்படாத ஒருவருடையது. 1932 ஜூன் 2. பொருளாதார மந்தக்காலம். ஜார்ஜியாவின் ஏழை இளம் விவசாயி ஜார்ஜ் பெர்ரி, மழையால் வயலில் இறங்க முடியாத அந்த நாளில் நண்பரோடு மான்ட்கோமரி ஏரிக்குப் போனார். இருவருக்குமாக இருந்தது ஒரே ஒரு பொய்யிரை, கிரீக் சப் நிறுவனத்தின் மரமீன். அதில் சிக்கிய பாஸின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10.09 கிலோ. எடைபோட்டுப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். குடும்பம் சமைத்துச் சாப்பிட்டது.

அந்த எடையை எட்ட 77 ஆண்டுகளாயின. எட்டிய இடம் ஜப்பான். 2009 ஜூலை 2-ல் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த மீன் பெர்ரியின் மீனைவிட ஓர் அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவான எடை கூடுதல். பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இருவரும் சமம் என்று அறிவித்தார்கள். குரிடா போட்டது உயிருள்ள புளூகில் என்ற சிறுமீன். பாஸைப் போலவே புளூகிலும் ஜப்பானுக்கு அந்நியம். பாஸை 1925-ல் ஆஷி ஏரியில் விட்டவர் தெத்சுமா அகபோஷி. புளூகில், 1960-ல் பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்குச் சிகாகோ மேயர் அளித்த அன்பளிப்பு. உணவாக வளர்க்கலாம் என்று கொண்டுவந்தது ஏரிகளெங்கும் பரவிச் சொந்த மீன்களை அழித்தது. 2007-ல், பேரரசராக இருந்த அகிஹிதோ, பிவா ஏரிக்கரையில் நடந்த கூட்டத்தில் அதற்காக மனம் நொந்து பேசினார். அவர் மீன்களையே ஆராய்ந்த அறிவியலாளர் என்பதை நினைத்தால் அந்த வருத்தத்தின் எடை தெரியும். அமெரிக்காவில் பிடித்த பாஸை முத்தமிட்டுத் தண்ணீரில் விடுகிறார்கள். பிவா ஏரி இருக்கும் ஷிகா மாகாணத்தில் 2003 முதல் அப்படி விடக்கூடாது. கரையோரங்களில் பாஸையும் புளூகிலையும் போடுவதற்கென்றே பெட்டிகள் வைத்திருக்கிறார்கள்.

தூண்டில் பெட்டி ஆண்டுக்கு ஆண்டு ஏன் பெரிதாகிறது, புதிது புதிதாக ஏன் பொய்யிரைகள் வந்துகொண்டே இருக்கின்றன என்பதற்கு வியாபாரம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இல்லினாயின் ரிட்ஜ் ஏரி காட்டியது. 1970-களின் பிற்பாதியில் டேவிட் ஃபிலிப்பும் உடனிருந்த ஆய்வாளர்களும் அந்தச் சிறிய ஏரியில் பிடிபடும் ஒவ்வொரு பாஸுக்கும் அடையாளமிட்டு, அளந்து, எழுதிவைத்து, திரும்ப விட்டார்கள். நான்கு ஆண்டுகள் இப்படி நடந்தது. ஒரு மீன் முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே மூன்று முறை மாட்டியது. இன்னொன்று ஒரே ஆண்டில் 16 முறை. பிறகு ஏரியை வடித்து எண்ணினார்கள்: 1,700-க்கும் மேற்பட்ட பாஸ்கள். அவற்றில் சுமார் 200 மீன்கள் அத்தனை ஆண்டுகளும் அதே ஏரியில் இருந்தும் ஒருமுறைகூடத் தூண்டிலைத் தொட்டதற்குப் பதிவே இல்லை.

அடிக்கடி மாட்டியவற்றையும் மாட்டாதவற்றையும் தனித்தனிக் குளங்களில் இனப்பெருக்கம் செய்யவிட்டார்கள். மூன்று தலைமுறைகள் பார்த்தபோது இரு குலங்களுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. 2009-ல் வெளியான அந்த முடிவின்படி, தூண்டிலில் மாட்டும் சுபாவம் ஓரளவு பிறப்பிலேயே வருகிறது. எளிதில் மாட்டும் குலத்து மீன்கள் சும்மா நிற்கும்போதும் அதிக ஆற்றலைச் செலவிடுபவை; அதிகம் தின்ன வேண்டியவை; எதிரே அசைவதைத் துணிந்து அடிப்பவை. ஆக, பெட்டியில் இருக்கும் மரமீனும் பிளாஸ்டிக் புழுவும் ஏரியிலிருந்து ஏதோ ஒரு மீனை எடுப்பதில்லை. துணிந்த மீனை எடுக்கின்றன.

அந்தத் துணிவு எதற்காக மீனிடம் இருக்கிறது என்பதை வசந்தகாலத்தில் ஆழமற்ற கரையோரத்தில் பார்க்கலாம். ஆண் பாஸ் வாலால் அடித்து மணலையும் சரளையையும் விலக்கி வட்டமாக ஒரு கூடு அமைக்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் அங்கேயே நிற்கிறது. துடுப்பால் விசிறி முட்டைகளுக்குப் புதுநீர் தருகிறது. குஞ்சு பொரித்து, அவை கூட்டமாக நீந்தத் தொடங்கிய பிறகும் வாரக்கணக்கில் காவல். அந்த நாட்களில் அது இரை தேடிப் போவதே அரிது. நெருங்கும் எதையும் பசியால் அல்லாமல் சினத்தால் அடிக்கிறது. வாயில் கவ்விக் கூட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது. பெட்டியின் ஓர் அறையில் பிளாஸ்டிக் பல்லிகள் கிடக்கின்றனவே, அவை இந்த நாட்களுக்கானவை. முட்டை திருட வந்த சாலமாண்டர் என்று தகப்பன் மீன் நினைக்கட்டும் என்றுதான் அவற்றைக் கூட்டுக்குள் எறிகிறார்கள்.

அந்த இரு குலங்களையும் வைத்து 2012-ல் வெளியான ஆய்வு, எளிதில் மாட்டும் குலத்து ஆண்களே கூடுதல் அக்கறையோடு காவல் காப்பவை என்றும், அவற்றின் கூடுகளிலிருந்தே அதிகக் குஞ்சுகள் பிழைக்கின்றன என்றும் காட்டியது. நல்ல தகப்பன்கள்தான் முதலில் தூண்டிலில் ஏறுகின்றன.

முள்ளைக் கழற்றி, எடைபோட்டு, படமெடுத்து, திரும்பத் தண்ணீரில் விடச் சில நிமிடங்கள் போதும். கூட்டைச் சுற்றிக் காத்திருக்கும் புளூகில்களுக்கும் அதே சில நிமிடங்கள் போதும். திரும்பி வரும் ஆண் மீன், முட்டைகள் பெருமளவு போய்விட்டிருந்தால் கூட்டைக் கைவிட்டுவிடுகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளில், இந்தக் காவல் முடியும்வரை, ஜூன் மாதத்தின் பிற்பாதி வரை, பாஸுக்குத் தூண்டில் போடத் தடை இருக்கிறது.